கோயில் இளைஞர் அணிக்குத் தேர்தல் வைத்தது தப்பா?

மே 18, 2025 - கேள்வி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோயில் இளைஞர் அணிக்கு இந்த வருடம் முதல் தடவையாகத் தேர்தல் வைத்தோம். மூன்று பேர் நின்றார்கள். மேடைப் பேச்சு, வாக்குச்சீட்டு, எண்ணிக்கை எல்லாம் முறைப்படி நடந்தது. ஜெயித்த பையன் நன்றாகப் பேசுவான். தோற்ற இரண்டு பேரும் அடுத்த வாரத்திலிருந்து கோயில் பக்கம் வருவதில்லை. ஒருவன் என் மகன், 16 வயது. "போட்டி இல்லாமல் தலைவன் உருவாக மாட்டான், தோல்வியைத் தாங்கப் பழகட்டும்" என்கிறார் எங்கள் சேர்மன். எனக்கும் பாதி மனசு அப்படித்தான் சொல்கிறது. மீதிப் பாதி கேட்க மாட்டேன் என்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

மே 18, இரவு

தம்பி, நான் டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். 34 வருடம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தி 2018இல் ஓய்வு பெற்றேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு மட்டும் இன்னும் ஓடுகிறது.

உங்கள் சேர்மனிடம் ஒன்று கேளுங்கள். இளைஞர் அணித் தலைவன் வருடம் முழுக்கச் செய்யப்போகிற வேலை என்ன? காவடி நாளில் தண்ணீர்ப் பந்தல். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது விறகு, அண்டா, வரிசை. நிதிக்குப் பிரியாணி டிக்கெட் விற்க வேண்டும், முதல் நாள் இரவு பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டி உட்காரவைத்து உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும். வயசானவர்களை பிரேயருக்கு, அதாவது கோயில் பூஜைக்கு, காரில் அழைத்து வர வேண்டும். இந்த வேலை எதிலாவது இன்னொருத்தனைத் தோற்கடிக்க வேண்டி வருகிறதா? நாலு பேரை வரவைக்கத் தெரிய வேண்டும். வந்தவர்கள் கோபித்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

அப்படியிருக்க, மேடையில் மற்ற இரண்டு பேரை மிஞ்சியவன் யார் என்று பார்த்து வேலையைக் கொடுக்கிறோம். நீச்சல் போட்டியில் ஜெயித்தவனிடம் பஸ்ஸை ஓட்டச் சொல்வது மாதிரி இருக்கிறது எனக்கு. ஜெயித்த பையனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கும் யாரும் பஸ் ஓட்டக் கற்றுத் தரவில்லையே.

மே 19

நேற்று எழுதியதோடு விட்டிருக்கலாம். ஆனால் நானே செய்த ஒரு காரியம் மனசில் வந்து நிற்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருடம் முன்பு எங்கள் வகுப்புப் பிள்ளைகள் 24 பேரை மூன்று நாள் முகாமுக்கு அழைத்துப் போனோம். டிராகன்ஸ்பெர்க் மலையடிவாரம், நல்ல குளிர். தலைமைப் பண்பு முகாம் என்று தாளில் அச்சடித்திருந்தோம். சிவப்பு அணி, மஞ்சள் அணி என்று பிரித்து, சாப்பாட்டு அறைச் சுவரில் புள்ளிப் பலகை மாட்டினோம். யோசனை என்னுடையது. படுக்கையை மடித்தால் 5 புள்ளி, தேவாரம் ஒப்பித்தால் 10, கயிறு இழுத்தால் 20.

முதல் நாள் எல்லோருக்கும் உற்சாகம். எனக்கும்தான். இரண்டாம் நாள் மாலை மஞ்சள் அணியின் தட்டுகளைக் காணோம். சிவப்புப் பையன்கள் தூக்கிப் போய்ப் புதரில் வைத்திருந்தார்கள். அதைவிட மோசம் ராத்திரி நடந்தது. ரிலே ஓட்டத்தில் கட்டையைக் கீழே போட்ட ஒரு சின்னப் பெண்ணை அவள் அணிப் பெண்களே மேசையில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் சமையற்கட்டு வாசலில் நின்றபடி சாப்பிட்டாள். எல்லோரும் மூன்று வருடமாக ஒரே வகுப்பில் படித்த பிள்ளைகள். ஒரு பலகையும் ஒரு சாக்குக்கட்டியும் அதைச் செய்தது.

காலையில் பலகையைக் கழற்றினேன். பிள்ளைகள் அவ்வளவு சீக்கிரம் கழற்றவில்லை. திரும்பி வரும் பஸ்ஸிலும் சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம்.

மே 19, கொஞ்சம் கழித்து

அந்தப் பெண் இப்போது கல்யாணமாகிப் பிள்ளை பெற்றுவிட்டாள். போன வருடம் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, "டீச்சர், அந்தக் கட்டையை நான் போடவே இல்லை, அவள்தான் சரியாகக் கொடுக்கவில்லை" என்றாள். அத்தனை வருடம் கழித்தும்.

மே 21

முகாமுக்குப் பிறகுதான் முசாபர் ஷெரிஃபின் ஆய்வைப் படித்தேன். துருக்கியில் பிறந்து அமெரிக்கா போன சமூக உளவியலாளர். 1954 கோடையில் ஓக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் 11, 12 வயதுப் பையன்கள் 22 பேரை இரண்டு அணியாக வைத்தார். ஓர் அணி கழுகுகள், இன்னோர் அணி கிலுகிலுப்பைப் பாம்புகள். பேஸ்பால், கயிறு இழுத்தல், ஜெயித்தவர்களுக்குப் பதக்கமும் பேனாக்கத்தியும். சில நாளில் ஓர் அணி மற்ற அணியின் கொடியை எரித்தது, பதிலுக்கு அவர்கள் இவர்கள் கொடியைப் பிடுங்கினார்கள், ராத்திரியில் அடுத்தவர் குடிலுக்குள் புகுந்து சூறையாடினார்கள். படிக்கப் படிக்க என் புதருக்குள் கிடந்த தட்டுகள்தான் கண்முன் வந்தன.

அப்புறம் ஒன்றாகச் சேர்ந்தால் மட்டுமே முடியும் என்கிற வேலைகளை ஷெரிஃப் கொடுத்தார், பகை தணிந்தது. ஆகவே பிள்ளைகளைப் பிரிக்காமல் ஒன்றாக வைத்திருங்கள், ஒன்றாகச் சாப்பிடட்டும், ஒன்றாக விளையாடட்டும், சரியாகிவிடும்.

மே 22

நேற்றைய கடைசி வரியைத் திருத்த வேண்டும். அவசரத்தில் எழுதிவிட்டேன். ஒன்றாகச் சாப்பிட வைத்தது அங்கே பலிக்கவில்லை. ஒரே கூடத்தில் உட்காரவைத்ததும் சாப்பாட்டை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். ஒன்றாகப் படம் பார்க்க வைத்ததிலும் பெரிய பலன் இல்லை. மாற்றியது வேறு. தண்ணீர் வரவில்லை, குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று எல்லோருமாகத் தேட வேண்டியிருந்தது. சாப்பாடு எடுத்துவர வேண்டிய லாரி கிளம்பவில்லை, எல்லோருமாகக் கட்டி இழுத்தார்கள். இழுத்தது எந்தக் கயிற்றால் தெரியுமா? முன்பு இரண்டு அணியும் எதிரெதிரே பிடித்து இழுத்த அதே கயிறு. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முந்தின வருடம், 1953இல், நியூயார்க் மாநிலத்தில் ஷெரிஃப் இதே மாதிரி ஒரு முகாம் நடத்தி அது நின்றுபோனது. அங்கே பையன்களை முதலில் ஒன்றாகப் பழக விட்டு, நட்பான பிறகு பிரித்தார்கள். சண்டை மூட்டப் பெரியவர்கள் என்னென்னவோ செய்து பார்த்தும் பையன்கள் சண்டைக்குப் போகவில்லை. இதெல்லாம் பெரியவர்கள் வேலை என்றும் கண்டுபிடித்துவிட்டார்கள். சண்டை மூட்டுவது 1954இல் பலித்தது, 1953இல் பலிக்கவில்லை. முதலில் சிநேகிதம் ஆனதுதான் வித்தியாசமோ? என் பிள்ளைகளும் மூன்று வருடம் ஒன்றாகப் படித்தவர்கள்தான், அவர்களுக்கு அது போதவில்லை. இது எனக்கு இன்னும் புரிபடவில்லை.

மே 25

மாரிட்ஸ்பர்க் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி: "மேட்ரிக்கில், பள்ளி இறுதித் தேர்வில், ஏழு பாடத்திலும் டிஸ்டிங்ஷன் வாங்கியவனுக்கே மருத்துவப் படிப்பில் இடம் கிடைப்பதில்லை. போட்டி வேண்டாம் என்று வளர்த்துவிட்டு எங்கே அனுப்பப் போகிறாய்?"

இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் இல்லை. ஏனென்றால் என்னை ஆளாக்கியது ஒரு போட்டி.

எனக்கு 9 வயது. அப்பா மேகசின் பேரக்ஸில் பிறந்தவர். டர்பன் மாநகராட்சி தன் இந்தியத் தொழிலாளர்களை வைத்திருந்த குடியிருப்பு, பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அங்கிருந்தவர்களை இங்கே சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது நான் கைக்குழந்தை. வீட்டில் தமிழ்ப் பேச்சு ஆயாவோடு, பாட்டியோடு, நின்றுபோகிற நிலைமை. அப்போது தமிழ் எய்ஸ்டெட்ஃபோட் என்ற கலைப் போட்டிக்கு என்னைத் தயார் செய்தார் தமிழ் மாஸ்டர். ஆத்திசூடி முழுக்க, ஒரு பிழை இல்லாமல், நடுவர்கள் மூன்று பேருக்கு முன்னால். கால் நடுங்கியது. இரண்டாம் பரிசு. அடுத்த வருடம் முதல் பரிசு வாங்கியே தீர வேண்டும் என்று ராத்திரி ராத்திரியாகத் திருக்குறள் படித்தேன். அந்த வெறி இல்லையென்றால் இன்று இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கூட்டத்துக்கு முன்னால் நிற்கும் துணிச்சலும் அங்கே வந்ததுதான்.

ஆக, போட்டியை விஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் சொன்னது பாதி சரி.

மே 25, இரவு

இன்னொன்று ஞாபகம் வருகிறது. எனக்கு முதல் பரிசு கிடைத்த வருடம் இரண்டாம் பரிசு வாங்கியவள் டொங்காட் என்ற ஊர்ப் பெண். போட்டி முடிந்ததும் மாஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, மறுநாள் கோயிலில் பிரேயருக்கு இரண்டு பேரும் சேர்ந்து பாட வேண்டும் என்றார். ஒரு பஸ் பயணம், ஒரு மத்தியானம் முழுக்கப் பயிற்சி. என் ஸ்ருதிக்கு அவள் இறங்கி வர வேண்டியிருந்தது, அவள் வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. இன்றைக்கும் அவள் எனக்குத் தோழி. மாஸ்டர் உளவியல் எதுவும் படித்தவர் இல்லை. பகலில் துணி ஆலையில் வேலை.

அந்த மத்தியானம் இல்லாமல் பரிசு மட்டும் இருந்திருந்தால்? தெரியவில்லை.

மே 28

மெர்பேங்க் தங்கச்சி எழுதியதைப் படித்துக் கைதட்டினேன்: "கூட்டு வேலை கூட்டு வேலை என்று புகழாதீர்கள் அக்கா. பள்ளியில் குரூப் புராஜெக்ட் என்றால் நான் ஒருத்தி செய்வேன், நாலு பேர் மார்க் வாங்குவார்கள்."

முழு உண்மை. ஆசிரியையாக நானே இதை வருடக்கணக்கில் நடக்க விட்டிருக்கிறேன். அஞ்சு பேரை ஒரு மேசையில் உட்காரவைத்தால் அது ஒத்துழைப்பு ஆகிவிடாது. ஒரு கெட்டிக்காரப் பெண் எழுதுவாள், ஒரு பையன் பேசுவான், மூன்று பேர் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். பேசிய பையனை எல்லோரும் தலைவன் என்பார்கள். தங்கச்சி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

1994இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு எங்கள் பள்ளிக்கு ஜூலு பேசும் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். ஒரே வகுப்பில் இரண்டு தீவு. அப்போது நான் முயன்றது எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சஸ் ஆஸ்டினில் செய்த முறை. அங்கேயும் கறுப்பு, வெள்ளை, மெக்சிகப் பிள்ளைகளை முதல் தடவையாக ஒரே வகுப்பில் சேர்த்து, சண்டை மூண்டிருந்த நேரம். பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். என் துண்டு உனக்குத் தெரியாது, உன் துண்டு எனக்குத் தெரியாது. நான் சொல்லிக் கொடுத்தால்தான் உனக்குப் பரீட்சை எழுத முடியும். பரீட்சை மட்டும் தனித்தனி.

9ஆம் வகுப்பில் புள்ளியியல் பாடத்தை நாலாக வெட்டினேன். சராசரி ஒருத்திக்கு, இடைநிலை ஒருத்தனுக்கு, இப்படி. வகுப்பில் வாயே திறக்காத ஒரு ஜூலுப் பெண்ணுக்கு வரைபடம் வரைகிற துண்டு போயிற்று. முதல் வாரம் அவள் குழுவில் இருந்த நம் பையன் ஒருவன் பொறுமை இழந்து, "இவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை, டீச்சர், வேறு ஆள் போடுங்கள்" என்றான். "அந்தத் துண்டு அவளிடம்தான் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்" என்றேன். மூன்றாவது வாரம் அவனே அவளிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் ஜூலுவில் சொன்னாள், கையால் காட்டினாள், அவன் இங்கிலீஷில் திருப்பிச் சொல்லிச் சரியா என்று கேட்டான். அந்த வகுப்பில் நான் பார்த்த தலைமை அதுதான். இரண்டு பேரிடமும்.

மினசோட்டா பல்கலைக்கழகத்து டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் என்ற சகோதரர்கள் 1981இல் 122 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஒத்துழைப்பில் பிள்ளைகள் அதிகம் கற்கிறார்கள் என்று எழுதினார்கள். ஆனால் அவர்கள் வைக்கும் நிபந்தனைகளில் இரண்டு முக்கியம். ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு வேலை முடியக்கூடாது. ஒவ்வொருவரும் தன் பங்குக்குத் தானே பதில் சொல்ல வேண்டும். மெர்பேங்க் தங்கச்சியின் பள்ளியில் இரண்டுமே இல்லை.

மே 29

பள்ளியில் கூட வேலை பார்த்த ஜூலு ஆசிரியர் ஒருவரிடம் நேற்று போனில் இதையெல்லாம் சொன்னேன். "எங்கள் ஊரில் இதற்கு இலிமா என்று பேர்" என்றார். ஒருவர் வயலை உழ அக்கம்பக்கம் எல்லோரும் மாடு, கலப்பையோடு வருவார்கள். வயல்காரர் சாப்பாடும் பீரும் கொடுப்பார். அடுத்த வாரம் வேறொருவர் வயல். "அதில் யார் வேகம் என்று போட்டி நடக்கும், பாட்டு நடக்கும், கேலி நடக்கும், ஆனால் கடைசியில் உழுதது ஒரே வயல்" என்றார். நம் பெரியவர்களும் கரும்புத் தோட்டத்தில் இப்படி இருந்திருப்பார்கள்.

ஜூன் 1

பீனிக்ஸ் தம்பியிடம் ஒரு கேள்வி: ஜெயித்த பையன் எப்படி இருக்கிறான்? இத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 3

தம்பியின் பதில் வந்தது. ஜெயித்தவன் தனியாக நிற்கிறானாம். கூட்டம் போட்டால் நாலு பேர் வருகிறார்கள், அவனே நாற்காலி போடுகிறான், அவனே எடுத்து வைக்கிறான். அவனுக்கும் 17 வயதுதான்.

ஜூன் 8

காம்ரேட்ஸ் ஓட்டம். இந்த வருடம் மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கி வரும் வருடம், 90 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என் அக்கா மகன் ஓடினான். நாங்கள் வாழைப்பழமும் உப்புப் போட்ட உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டு பைன்டவுன் பக்கம் நின்றோம்.

இதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முதல் உலகப் போரில் செத்த தோழர்களின் நினைவாக 1921இல் ஆரம்பித்த ஓட்டம், அந்த வருடம் 34 பேர் கிளம்பி 16 பேர் வந்து சேர்ந்தார்கள். கறுப்பர்களும் இந்தியர்களும் பெண்களும் அதிகாரபூர்வமாக ஓட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று ஆயிரக்கணக்கில் ஓடுகிறார்கள். முன்னால் ஓடுகிறவர்களுக்கு இது கடும் போட்டி. முதல் பத்து ஆணுக்கும் முதல் பத்துப் பெண்ணுக்கும்தான் தங்கம். பின்னால் வருகிறவர்களுக்கு எதிரி கடிகாரம். 12 மணி நேரம் ஆனதும் ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒருவர் நேரம் முடிந்தது என்பதற்கு அடையாளமாகத் துப்பாக்கியால் சுடுவார். ஒரு அடி பின்னால் இருந்தாலும் கணக்கில் இல்லை.

அந்தப் பின்வரிசையில் 'பஸ்' வரும். கொடி பிடித்த ஒருவர் நடுவில், அவர்தான் டிரைவர். அவரைச் சுற்றி நூற்றுக்கணக்கானவர்கள். எப்போது ஓட வேண்டும், எந்த மேட்டில் நடக்க வேண்டும் என்று அவர் சத்தம் போட்டுச் சொல்வார், எல்லோரும் அப்படியே செய்வார்கள், பாடுவார்கள். பஸ் டிரைவர் தனியாக ஓடினால் இன்னும் சீக்கிரம் போயிருப்பார். அவரை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. இந்த வேகத்தில் போனால் நேரத்துக்குள் கொண்டு சேர்ப்பார் என்ற நம்பிக்கையில் மற்றவர்கள் போய் ஒட்டிக்கொள்கிறார்கள். நம்பிக்கை போனால் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடலாம்.

அக்கா மகன் 11 மணி 40 நிமிடத்தில் முடித்தான். பைன்டவுனில் எங்களைப் பார்த்தபோது நிற்கக்கூட இல்லை. உருளைக்கிழங்கை வாங்கிப் பாதியைப் பக்கத்தில் ஓடிய முன்பின் தெரியாத அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

முதல் நாள் 'பஸ் ஓட்டக் கற்றுத் தரவில்லை' என்று எழுதினேன் அல்லவா? அப்போது இந்த பஸ் நினைவில் இல்லை.

ஜூன் 10

அண்ணன் விடவில்லை: "முன்னால் ஓடுகிறவன் இல்லாமல் காம்ரேட்ஸுக்குப் பேர் வந்திருக்குமா?" வந்திருக்காது. தங்கம் வாங்குகிறவர்களை நான் ரசிக்கிறேன். ஆனால் அண்ணே, கோயில் இளைஞர் அணிக்கு அந்தப் பத்து பேர் தேவை இல்லை. கொடி பிடிக்கிறவர்தான் தேவை. இரண்டுக்கும் பயிற்சி வேறு வேறு.

ஜூன் 16

இளைஞர் தினம், விடுமுறை. 1976இல் ஆஃப்ரிகான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்த நாள். எனக்கு அப்போது 14.

நம் பிள்ளைகளுக்கு நான் இந்த நாளில் 1913ஐயும் சொல்வேன். ஜோஹானஸ்பர்க்கிலிருந்து 11 பெண்கள், பெரும்பாலும் தமிழச்சிகள், காந்தியோடு சத்தியாகிரகத்தில் நின்ற தம்பி நாயுடுவின் மனைவி உட்பட. காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையில் ஒன்றாக வாழ்ந்து, ஒன்றாகச் சமைத்துப் பழகியவர்கள். நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்கள் மேல் போட்ட 3 பவுன் வரியைப் பற்றிப் பேசினார்கள். தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள், அது பெரும் வேலைநிறுத்தமாகப் பரவியது. பெண்களுக்கு மூன்று மாதம் கடுங்காவல். அடுத்தடுத்துப் போனவர்களில் ஒருத்தி தில்லையாடி வள்ளியம்மை. சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22இல் செத்துப்போனாள். 16 வயது.

தம்பி, உங்கள் மகனின் வயது.

இவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. பண்ணையில் மாவு அரைக்கும்போதும் தண்ணீர் சுமக்கும்போதும் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள், அது போதுமாக இருந்திருக்கும் என்றேன்.

ஜூன் 17

இதைச் சரித்திரம் என்று தள்ளிவிடுவீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் 400க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தண்ணீர்க் குழாய்கள் அடித்துப்போய், டொங்காட் மக்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு நின்றார்கள். இங்கேயும் பல நாள் குழாயில் காற்றுதான்.

எங்கள் தெருவுக்கு லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் பலசாலி முதலில், கிழவிகள் கடைசியில். இரண்டாம் நாள் சாயங்காலம் என் தமிழ் வகுப்புப் பெண் ஒருத்தி, 15 வயது, ஒரு கணக்கு நோட்டோடு வந்தாள். எந்த வீட்டில் தூக்க ஆள் இல்லை, எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு மருந்து என்று எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறாள். மறுநாள் அவள் நோட்டைப் பார்த்துச் சொல்ல, தடிப்பையன்கள் வாளி தூக்கினார்கள். வருடா வருடம் எய்ஸ்டெட்ஃபோட்டில் கப் வாங்கும் பையனும் அதில் ஒருவன். நான்காவது நாள் லாரி ஓட்டுநரே இறங்கி, "நோட்டுப் பாப்பா எங்கே?" என்று கேட்டார்.

அவள் பள்ளியில் பிரிஃபெக்ட், அதாவது பேட்ஜ் குத்திய மாணவத் தலைவி, கிடையாது. எந்தத் தேர்தலிலும் நின்றது கிடையாது. நின்றிருந்தால் தோற்றிருப்பாள். அவ்வளவு கூச்சம்.

கப் வாங்கும் பையனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டில் தாத்தா கதவைத் திறக்க மறுத்தார், யாரையும் நம்பவில்லை. அவன்தான் வாசலில் நின்று நல்ல தமிழில் பேசிக் கதவைத் திறக்கவைத்தான். மேடையில் கற்றது அங்கே உதவியது. நோட்டு அவளிடம் இருந்தது, குரல் அவனிடம் இருந்தது.

ஜூன் 20

பள்ளியில் சட்டமே இதைப் பாதி யோசித்திருக்கிறது. 1996 பள்ளிச் சட்டத்தின்படி 8ஆம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ள எல்லா அரசுப் பள்ளியிலும் மாணவர் பிரதிநிதி சபை இருக்க வேண்டும். பல பள்ளிகளில் அதோடு பழைய வெள்ளைக்காரன் காலத்து பிரிஃபெக்ட் முறையும் ஓடுகிறது. ஆசிரியர்கள் பொறுக்கி எடுத்து பேட்ஜ் குத்துவது. நான் பார்த்தவரை சபைக்கு வேலையே கொடுப்பதில்லை. தேர்தல் நாளில் ஆரவாரம், அப்புறம் வருடம் முழுக்க மௌனம். பேட்ஜ் குத்தியவர்களுக்குக் காவல் வேலை. தலைமை என்றால் தாமதமாக வருகிறவன் பெயரை எழுதுவது என்று ஒரு தலைமுறையே நினைத்துக்கொண்டிருக்கிறது.

இதைப் பற்றி நிறைய எழுதலாம், கோபம்தான் வருகிறது. விடுங்கள்.

ஜூன் 24

பீனிக்ஸ் தம்பி நேராகக் கேட்டுவிட்டார்: "சரி அக்கா, நான் என்ன செய்ய?"

தேர்தலை ரத்து செய்யாதீர்கள். ஜெயித்த பையனுக்கு அது அவமானம், அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. மகனை வற்புறுத்தியும் அனுப்பாதீர்கள். ஆடிக் கூழுக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. வேலையைத் துண்டு போடுங்கள், ஆரன்சன் மாதிரி. விறகும் அண்டாவும் ஒருவனிடம், மாவும் தயிரும் ஒருத்தியிடம், வரிசையும் வயசானவர்களும் ஒருவனிடம். ஒருவர் துண்டு மற்றவருக்குத் தெரியாதபடி. யார் சொதப்பினாலும் கூழ் இல்லை என்கிற மாதிரி. அவரவர் துண்டுக்கு அவரவர் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், புள்ளி மட்டும் வேண்டாம். ஜெயித்த பையனுக்குத் துண்டு எதுவும் வேண்டாம். எல்லோரிடமும் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு கோர்ப்பது அவன் வேலை. தோற்ற இரண்டு பேரிடமும் அவனே போய்க் கேட்கட்டும். நீங்கள் கேட்காதீர்கள், சேர்மனும் கேட்கக்கூடாது.

அடுத்த வருடம் தேர்தல் வைத்தால், ஒரு வருடம் துண்டு சுமந்தவர்கள் மட்டும் நிற்கலாம் என்று வையுங்கள்.

ஜூன் 25

பெண் பிள்ளைகளுக்கு மாவும் தயிரும் என்று நேற்று என்னை அறியாமலே எழுதியிருக்கிறேன். மெர்பேங்க் தங்கச்சி பிடித்துவிட்டாள். விறகைப் பெண்ணிடம் கொடுங்கள், தயிரைப் பையன் வாங்கட்டும்.

ஜூலை 27

ஒரு மாதம் கழித்துத் தம்பி எழுதியிருக்கிறார். அவரே எழுதியதைச் சுருக்கிப் போடுகிறேன், அனுமதி கேட்டுவிட்டேன்.

ஜெயித்த பையன் வீட்டுக்கு வந்தான். மகன் அறையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டாவது தடவை வந்து வாசலில் நின்று, அண்டாவை எங்கே வாடகைக்கு எடுப்பது என்று கேட்டிருக்கிறான். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டிருக்கிறான். மகனுக்குத் தெரியும், தாத்தாவோடு போயிருக்கிறான். காரில் சேர்ந்தே போனார்கள். தோற்ற இன்னொரு பையன் வரவில்லை, அவன் வேறு கோயிலுக்குப் போகிறானாம்.

கூழ் அன்று காலை நாலு மணிக்கு விறகு ஈரம், பற்றவில்லை. விறகுக்குப் பொறுப்பான பெண் அழுதுவிட்டாள். மகன் பக்கத்து வீட்டுக் கொட்டகையிலிருந்து காய்ந்த கட்டை எடுத்து வந்தான், ஜெயித்தவன் ஊதினான். கூழ் இரண்டு மணி நேரம் தாமதம். சேர்மனுக்குக் கோபம். மகன் பூஜை முடியும் வரை இருந்தான், நன்றியுரை ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டான்.

ஜூலை 27, இரவு

தம்பி, அந்தப் பெண்ணிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அடுத்த வருடமும் விறகு அவளிடமே இருக்கட்டும். ஒரு வாரம் முன்பே வாங்கி, தார்ப்பாய் போட்டு மூடி, தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கச் சொல்லுங்கள். போய்விட்ட இன்னொரு பையனின் வீட்டு எண் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள். அவன் அம்மாவை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.